பெயர் போடாத செய்தி

சன்னாசி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தபோது அந்தச் செய்தி வந்தது.

சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு சீன முதலாளியிடம், தவுக்கேயிடம், அவன் லாரி ஓட்டினான். பலகை ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு முறை வடக்கே தாய்லாந்து எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் வரை போய் வருவான். 1988 தொடக்கத்தில் இருமல் பிடித்தது. ஜூன் மாதம் சளியோடு ரத்தம் வந்தது. காசநோய் என்றார்கள். ஆறு வாரம் ஈப்போவில் படுத்துக் கிடந்துவிட்டுப் பாதி உடம்பாகத் திரும்பினான். மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும், இனி யாருக்கும் தொற்றாது, அடுத்த மாதம் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவன் மனைவி அஞ்சலை, பட்டணத்திலிருந்து ஏழு கல் தள்ளியிருந்த அரசமரத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. அந்தத் தோட்டத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயரும் உண்டு. அதை ஆபீஸ் பலகையைத் தவிர வேறெங்கும் யாரும் பயன்படுத்தியதில்லை. அங்கே லயத்து வீடு ஒன்றில் புருஷன், பெண்டாட்டி, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள், முதல் வகுப்பு மகன் என்று நான்கு பேரும் இருந்தார்கள்.

அன்று வியாழக்கிழமை. பத்து மணிவாக்கில் சன்னாசி மெல்ல நடந்து பஸ் ஏறி, பட்டணத்துக்கு டீ குடிக்கப் போனான். ஜைனுலாப்தீன் கடைதான் அவன் வழக்கமாக உட்காரும் இடம். ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு வாரமும் அந்தக் கடையின் டீயைத்தான் நினைத்துக்கொண்டிருந்ததாக அஞ்சலையிடம் சொல்லியிருந்தான். உள்ளே நுழைந்தபோது, பெரிய மேசையில் நான்கைந்து பேர் ஒரே பத்திரிகையின் மேல் குனிந்திருந்தார்கள். அவனைப் பார்த்ததும் ஒருவன் பத்திரிகையை மடித்தான். சன்னாசி ஆளில்லாத மேசை ஒன்றில் உட்கார்ந்தான். எல்லோரும் நானா என்று கூப்பிடும் கடைக்காரர் ஜைனுலாப்தீன் தானே எழுந்து வந்தார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் டீ, பையின் வாயில் ரப்பர் பேண்டு சுற்றி, உறிஞ்சு குழல் செருகி ஆடிக்கொண்டிருந்தது.

"பங்குஸ் பண்ணிக் கட்டிட்டேன் சன்னாசி. வீட்ல போய் ஆற அமரக் குடிங்க."

"நான் இங்கதான் குடிப்பேன், நானா."

அவர் பையை மேசைமேல் வைக்கவும் முடியாமல், கையிலேயே வைத்திருக்கவும் முடியாமல் நின்றார். "நான் ஒண்ணும் நெனக்கல சன்னாசி. எனக்கு ஒங்கள எத்தன வருசமாத் தெரியும். கடைக்கு வர்ற ஆளுங்க நெனக்கிறாங்க லா. நான் என்ன செய்யட்டும்?"

சன்னாசிக்கு எதுவும் விளங்கவில்லை. அவன் எழுந்து போய் மடித்த பத்திரிகையை விரித்தான். இரண்டாம் பக்கத்தில், பெட்டி கட்டி, தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எய்ட்ஸ்! தோட்டத்து லாரி ஓட்டுநரை உயிர்க்கொல்லி நோய் பீடித்தது."

கீழே எட்டு வரி. வயது முப்பத்தாறு. இந்தியர். இரு பிள்ளைகளின் தந்தை. அடிக்கடி தாய்லாந்து எல்லை வரை போய் வருபவர். அண்மையில் ஆஸ்பத்திரியில் பரிசோதிக்கப்பட்டார். பெயர் விவரம் வெளியிடப்படவில்லை. பொது மக்கள் விழிப்புடன் இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

சன்னாசிக்கு அப்போது முப்பத்தேழு. மற்றதெல்லாம் அவன்தான்.

*

அன்று மத்தியானம் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்தபோது அஞ்சலைக்கும் தெரிந்துவிட்டது. அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, போன மாதம் வாங்கிப்போன இட்லிச் சட்டியைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூப்பிடாமலே போயிருந்தாள். குழாயடியில் அவள் வாளியை வைத்ததும் மற்ற வாளிகள் நகர்ந்தன. சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து வந்து, "நாளையிலேருந்து நான் கடைசி பெஞ்சுல தனியா உக்காரணுமாம்மா" என்றாள். எதற்கென்று அவளுக்கும் சொல்லப்படவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆளெடுக்க வரிசையில் நின்றபோது, அஞ்சலைக்கு முன்னும் பின்னும் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு நின்றார்கள். வேலை பிரிக்கும் தண்டல் பெயர் கூப்பிட்டார். "இருக்கேன்" என்று அவள் சொன்ன குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"நம்ம ஊரு ஆளுங்கதானே. நாலு நாள்ல மறந்துருவாங்க" என்றான் சன்னாசி.

அவர்கள் மறக்கவில்லை. ஏனென்றால் பத்திரிகை மறக்கவிடவில்லை. அடுத்த வாரம் 'எய்ட்ஸ்: தெரிந்துகொள்ள வேண்டியவை' என்று ஒரு பக்கம் வந்தது. அதற்கு அடுத்த வாரம் வாசகர் கடிதங்கள். இப்படிப்பட்டவர்களை ஒரு தீவில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று தைப்பிங்கிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். தெரிந்துகொள்ள வேண்டியவை பக்கத்தில், ஒன்றாகச் சாப்பிடுவதாலோ தொட்டுப் பேசுவதாலோ தொற்றாது என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தவர்கள் யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. பத்திரிகையின் அந்த வரியை நம்பாதவர்கள், லாரி ஓட்டுநர் என்ற வரியை மட்டும் நம்பினார்கள்.

*

செய்தி எழுதியவன் யார் என்று கண்டுபிடிப்பது அஞ்சலைக்குக் கஷ்டமாக இல்லை. சுங்கை சிப்புட்டுக்கு அந்தப் பத்திரிகைக்கென்று இருந்தது ஒரே நிருபர். அர்ச்சுனன் என்று பெயர். பட்டணத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை செய்துகொண்டே, கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, விபத்து என்று செய்தி எழுதி அனுப்புவான். இருபத்தைந்து வயதிருக்கும். பத்திரிகை அட்டையைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருப்பான்.

அவள் போய் நின்றதும் அவன் நாற்காலி எடுத்துப் போட்டான். அவளை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. அதுவே அவளுக்குப் பதில் மாதிரி இருந்தது.

"நான் யாரு பேரையும் போடலியேக்கா."

"பேரப் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் தம்பி. அது வேற யாரோ ஒருத்தரு பேரா இருந்திருக்கும்."

அர்ச்சுனன் கேமராவின் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். ஆஸ்பத்திரிப் பக்கம் தெரிந்த ஆள் ஒருவர் அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: சுங்கை சிப்புட் தோட்டத்து ஆள், தமிழர், முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள், ரத்ததானம் கொடுக்கப் போன இடத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவன் கோலாலம்பூருக்குப் போன் செய்தான்.

"ஆசிரியர் கேட்டாரு, என்ன வேல செய்யிறவன்னு. தெரியலண்ணேன்னேன். லாரி ஓட்டுறவனாத்தான்டா இருப்பான், வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான்னாரு. தாய்லாந்து எல்லைக்குப் போறவன்னும் அவரே சேத்துக்கிட்டாரு. ரத்ததானம்னு போட்டா, இனிமே எவனும் ரத்தம் குடுக்க வரமாட்டான்னு அத எடுத்துட்டாரு." அவன் நிமிர்ந்து பார்த்தான். "எழுதறப்ப எனக்கு ஒங்க வீட்டுக்காரரத் தெரியவே தெரியாதுக்கா. சத்தியமா."

சன்னாசியை யாரும் பார்த்து எழுதவில்லை. யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஓர் ஆளைச் செய்திருக்கிறார். அந்த ஆளுக்கு சன்னாசியின் சட்டை பொருந்திவிட்டது.

"அப்ப அது பொய்யின்னு எழுதுங்க."

"எதப் பொய்யின்னு எழுதறது? சன்னாசின்னு நாங்க எழுதவே இல்லியே." அவன் சொன்னது அவனுக்கே நன்றாகப் படவில்லை போலும். "ஒண்ணு செய்யலாம்க்கா. அண்ணன் ரத்தப் பரிசோதன செஞ்சி, இல்லன்னு டாக்டர்கிட்ட சூராட் வாங்கிட்டு வரட்டும். கடிதத்த வச்சி ஒரு மறுப்பு போடச் சொல்றேன்."

சன்னாசிக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு இல்லாத நோயை இல்லை என்று நான் ஏன் நிரூபிக்க வேண்டும் என்று இரண்டு நாள் கத்தினான். மூன்றாம் நாள் லாரித் தவுக்கே ஆள் அனுப்பி, இன்னும் ஒரு மாதம் ஓய்வெடுக்கச் சொன்னார். கூட வரும் கிளீனர் லாரியில் ஏற மாட்டேன் என்கிறானாம். அதற்குப் பிறகு சன்னாசி சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

ரத்தம் கோலாலம்பூருக்குப் போய் முடிவு வர ஐந்து வாரம் ஆனது. இல்லை என்று வந்தது. டாக்டர் மலாயில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அர்ச்சுனன் அதை வாங்கிக்கொண்டு, கூடவே ஒரு போட்டோவும் பிடித்துக்கொண்டான். ஸ்டுடியோவின் நீலத் திரைக்கு முன்னால், தலைவாரி, எண்ணெய் தடவி, சன்னாசி கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தான்.

மறுப்பு ஒன்பதாம் பக்கத்தில் வந்தது.

"எனக்கு எய்ட்ஸ் இல்லை! லாரி ஓட்டுநர் சன்னாசி கூறுகிறார்."

அருகே போட்டோ. கீழே, அரசமரத் தோட்டத்தைச் சேர்ந்த சன்னாசி, வயது முப்பத்தேழு, தமக்கு அந்த நோய் கிடையாதென்றும், தாம் காசநோய்க்கு மட்டுமே சிகிச்சை பெற்றதாகவும் நமது நிருபரிடம் கூறிக்கொண்டார் என்று இருந்தது. டாக்டர் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இடம் போதாமல் வெட்டிவிட்டார்கள் என்று அர்ச்சுனன் பிறகு சொன்னான்.

அஞ்சலை 'கூறிக்கொண்டார்' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கூறினார் என்று போட்டிருக்கலாம். அந்த 'க்கொண்டார்' முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பது போலிருந்தது.

அதுவரை தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் மட்டும் தெரிந்திருந்தது இப்போது பேராக் மாநிலம் முழுக்கத் தெரிந்துபோனது. பாரிட் புந்தாரிலிருந்து சன்னாசியின் அக்காள் முத்தம்மா, தீபாவளிக்கு இந்த வருஷம் வர வேண்டாம், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கடிதம் போட்டாள். தவுக்கே லாரிச் சாவியை வேறு ஆளிடம் கொடுத்தார்.

*

அக்டோபரில் அஞ்சலையைத் தோட்ட ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

கிராணி ஜெயபாலன் மேசைக்குப் பின்னால் இருந்தார். தோட்டத்தின் எல்லாக் கணக்கும் எழுத்தும் அவர் கையில்தான். அமைதியான மனிதர். கோயில் கமிட்டியில் செயலாளர். யார் வீட்டுக் கடிதத்தையும் எழுதிக் கொடுப்பார்.

"அஞ்சல, மத்த ஆளுங்க ஒன் பாலோட அவங்க பாலக் கலக்க மாட்டேங்குறாங்க. தொரைக்கு மனு குடுத்துருக்காங்க. கொஞ்ச நாளைக்கு வெட்டு வேண்டாம். மருந்தடிக்கிற வேலைக்குப் போ."

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல ஐயா. டாக்டர் கடிதாசி இருக்கு. நீங்க படிச்சிப் பாருங்க."

அவர் கடிதத்தை வாங்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார். பிறகு, சொன்னதைத் திருத்துவது போல, "நான் நம்புறேன்" என்றார். அவளை நிமிர்ந்து பார்க்காமலே சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

மருந்தடிக்கும் வேலை என்றால் முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்துகொண்டு, நிரை நிரையாக நடந்து புல்லுக்கு விஷம் தெளிப்பது. ஆட்கள் கும்பலாகச் செய்கிற வேலை. அவளுக்கு மட்டும் மலையடியில் தனிக்காடு கொடுத்தார்கள். காலை ஆறரை மணியிலிருந்து ஒரு மனிதக் குரலும் கேட்காது. வேலையை விட்டுவிடலாம் என்றால் வீட்டை விட வேண்டும், வீடு தோட்டத்தினுடையது. வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்றால் அங்கேயும் அந்தப் பத்திரிகை போகிறது. அவளுக்கு மூச்சு முட்டியது. வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்த பிறகும் முட்டியது.

ஒரு நாள் பதினோரு மணிக்கு, குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் அந்தக் காட்டுக்குள் வந்தாள். கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது. கிராணியின் மனைவி.

கிராணியம்மா ஒருபோதும் காட்டுக்குள் வந்தவளில்லை. செருப்பெல்லாம் சேறாகியிருந்தது. அஞ்சலை தோம்பை இறக்கி வைத்தாள்.

"ஒன் வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாங்களே, அது எந்தக் கட்டடத்துல எடுப்பாங்க? பேரு கேப்பாங்களா? வெளியில தெரியாமச் செய்யலாமா?"

"யாருக்கும்மா?"

"எனக்கு."

கிராணியம்மா குடையை மடக்கினாள், மறுபடி விரித்தாள். பிறகு நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். ஜூலை மாதம் கோயில் மண்டபத்தில் ரத்ததானம் நடந்தது. கிராணி வருஷா வருஷம் கொடுப்பவர். இந்த முறை கொடுத்து மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. எங்கே, எப்படி வந்தது என்று அவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. பத்திரிகையில் செய்தி வந்த அன்று அவர் காலையில் எழுந்திருக்கவே இல்லை. அவள்தான் படித்துக் காட்டினாள். லாரி ஓட்டுநர் என்ற இடம் வந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாராம்.

"நான் சாமி கும்பிட்டேன் அஞ்சல. நல்ல வேளன்னு கும்பிட்டேன். அது ஒன் வீட்டுக்காரர் தலையில விழும்னு அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகும் நான் ஒண்ணும் செய்யல." அவள் அழவில்லை. "நீ யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்க. சொல்ல வேண்டாம்னு கேக்க எனக்கு மொகம் இல்ல. ஆனா எனக்கு வழி தெரியல. வழி தெரிஞ்ச ஆளு இந்தத் தோட்டத்துல நீ ஒருத்திதான்."

அஞ்சலை தோம்பைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டாள். கிராணியம்மா சிறிது நேரம் நின்றுவிட்டு வந்த வழியே போனாள்.

*

அடுத்த சனிக்கிழமை அஞ்சலை வேலைக்குப் போகாமல் பட்டணத்துக்குப் பஸ் ஏறினாள். சொல்லிவிடுவது என்றுதான் போனாள். ஒரு பெயர். நான்கெழுத்தோ ஐந்தெழுத்தோ. அதைச் சொன்னால் மகள் முன் பெஞ்சுக்கு வருவாள். சன்னாசி லாரியில் ஏறுவான். கிராணி தன்னிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டை நினைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்" என்று அவர் சொன்னதையும் நினைத்துக்கொண்டாள். தெரிந்துகொண்டே காட்டுக்கு அனுப்பினார்.

அர்ச்சுனன் ஸ்டுடியோவில் தனியாக இருந்தான்.

"தம்பி, உண்மையான ஆளு யாருன்னு தெரிஞ்சா பேப்பர்ல போடுவாங்களா?"

அவன் முகம் மாறியது. கெட்டவன் இல்லை, அவளுக்கு நல்லது செய்ய வழி கிடைத்ததே என்றுதான் அவன் முதலில் நினைத்திருப்பான். ஆனால் அதே வேகத்தில் மேசை டிராயரைத் திறந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தான்.

"மொதல் பக்கத்துலயே போடுவாங்கக்கா. ஆளு என்ன வேல? இந்தத் தோட்டமா? பொண்டாட்டி இருக்கா? அவங்களுக்கும் இருக்கா? பிள்ளைங்க எத்தன, எந்தப் பள்ளிக்கூடம்?"

பேனா தாளுக்கு மேல் காத்துக்கொண்டு நின்றது.

அஞ்சலைக்கு கிராணியின் இரண்டு பிள்ளைகளையும் தெரியும். பெரியவன் அவள் மகள் வகுப்பு. பெஞ்சு காலியாக இருக்காது, ஆள்தான் மாறும் என்று அவளுக்குத் தோன்றியது. அதை நல்ல மனசு என்றும் அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அந்தப் பேனாவைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

"தெரிஞ்சா போடுவாங்களான்னுதான் கேட்டேன். எனக்கு யாரையும் தெரியாது" என்றாள்.

"அக்கா, தெரியாமயா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"தெரியாது தம்பி."

அவள் வெளியே வந்து பஸ் நிலையத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டாள். சொல்லாமல் வந்ததற்காக அவளுக்குத் தன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அதற்கடுத்த புதன்கிழமை கிராணியம்மாவை ஈப்போவுக்கு அழைத்துப் போனாள். ஒரே பஸ். கிராணியம்மா முன்னால், அஞ்சலை பின்னால், தெரியாதவர்கள் போல. ஆஸ்பத்திரியில் இறங்கிய பிறகு அஞ்சலை முன்னால் நடந்தாள். கிராணியம்மா பத்தடி தள்ளிப் பின்தொடர்ந்தாள். முடிவு வாங்கும் நாளிலும் அப்படியே போனார்கள். இல்லை என்று வந்தது. கிராணியம்மா தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

"இனி என்ன செய்வீங்கம்மா?"

"வீட்டுக்குப் போயி ஒல வைக்கணும்" என்றாள். "எங்க போவேன், சொல்லு."

*

ஜனவரியில் சன்னாசி குடும்பம் தோட்டத்தை விட்டு ஈப்போவில் சிலிபின் பக்கம் குடி வந்தது. ஒரு தகரக் கூரை வீட்டின் பின்கட்டு. சன்னாசிக்கு ஒரு சிமெண்டுக் கடையில் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. அந்தத் தவுக்கே சீனப் பத்திரிகை மட்டும்தான் படிப்பார். அஞ்சலை ஒரு தொழிற்சாலையில் கையுறை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால், பாரிட் புந்தார் என்று சொல்லும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ்ப் பத்திரிகை தொங்கும் கடைகளுக்குள் சன்னாசி நுழைவதில்லை.

ஒரு வருஷம் இப்படிப் போனது. 1989 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் ஒப்பாரிக் குரல் கேட்டது. சன்னாசி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து, எச்சில் கையோடு கதவைத் திறந்தான். முத்தம்மா தலைவிரி கோலமாக நின்றுகொண்டிருந்தாள். பின்னால் அவள் புருஷன் மாலை ஒன்றைக் கையில் பிடித்திருந்தார்.

முத்தம்மாவுக்குக் குரல் நின்றுவிட்டது. "தம்பி" என்றாள். "நீ இருக்கியா?"

"இருக்கேன்க்கா. உள்ள வா."

அவள் புருஷன் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல், சுருட்டி வைத்திருந்த பத்திரிகையை முதலில் நீட்டினார். முந்தின நாள் பத்திரிகை. "சுங்கை சிப்புட் எய்ட்ஸ் லாரி ஓட்டுநர் மரணம்." இரண்டாம் பக்கத்தில் ஆறு வரி. பெயர் இல்லை. முத்தம்மா அதைப் படித்துவிட்டு, பழைய தோட்டத்தில் விலாசம் கேட்டு வந்திருந்தாள். உயிரோடு இருந்தபோது ஒன்றே கால் வருஷம் எட்டிப் பார்க்காதவள், சாவுக்கு வந்துவிட்டாள். அது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். வந்த கொஞ்ச நேரத்தில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

அவர்கள் போன பிறகு அஞ்சலை பத்திரிகையைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பதினோராம் பக்கத்தில் மரண அறிவிப்பு. கோட்டு போட்ட போட்டோ. அரசமரத் தோட்டத்துக் கிராணி திரு. ஜெயபாலன், சில காலம் நோயுற்றிருந்து, வெள்ளிக்கிழமை காலமானார். வரும் சனிக்கிழமை அவர் இல்லத்தில் கருமாதி. ஒரே மனிதர் ஒரே பத்திரிகையில் இரண்டு தடவை செத்திருந்தார். ஒன்றில் மரியாதையாக, ஒன்றில் மரியாதையில்லாமல்.

அவள் விரல் நின்ற இடத்தைச் சன்னாசி பார்த்தான். மறுபடி இரண்டாம் பக்கத்தைப் பார்த்தான்.

"கிராணியா?"

அவள் தலையாட்டினாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நாம அங்க இருந்தப்பவே. கிராணியம்மா சொன்னாங்க."

வெளியே மகனும் மகளும் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சன்னாசி பத்திரிகையை மடித்து ஓரமாக வைத்தான்.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்காது. அந்தப் பிள்ளைங்களுக்கு ஆரம்பிச்சிருக்கும்."

"அதுக்கு நான்தான் கெடச்சேனா?"

அவனிடம் கேட்காமல் அவன் வாழ்க்கையை எடுத்துக் கொடுத்துவிட்டது உண்மைதான். அப்படிச் செய்யப்போகிறோம் என்று எண்ணிச் செய்யவில்லை என்பது ஒரு பதிலாகாது. ஐந்து நாள் அவன் அவளோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை, நாளைக்குக் கருமாதிக்குப் போய் வருகிறேன் என்று அவளே சொன்னாள்.

"போ. நான் வரல" என்றான். "செத்தவன் நான்தானே. நான் எப்படி வர்றது?"

*

கிராணி வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். தோட்டமே அங்கே இருந்தது. அஞ்சலை உள்ளே நுழைந்ததும் பேச்சு குறைந்தது. அவள் நெற்றியைப் பார்த்தார்கள், கழுத்தைப் பார்த்தார்கள். பழைய நிரையில் அவளோடு பக்கத்து நிரை வெட்டிய கருப்பம்மாள் எழுந்து வந்தாள்.

"என்னா அஞ்சல, பொட்டோட வந்திருக்க?"

"ஏன்க்கா?"

"சன்னாசி..."

"வேலைக்குப் போயிருக்காரு."

கருப்பம்மாள் நம்பாமல் பார்த்தாள். "பேப்பர்ல போட்டிருந்துச்சே" என்றாள்.

அந்த ஆள் சன்னாசி இல்லை என்று சொன்னால், பின்னே யார் என்று கேட்பார்கள். அதைக் கேட்கிற இடம் இதுதான். பதில் மாலை போட்ட போட்டோவாக உள்ளே மாட்டியிருந்தது. அஞ்சலை உள்ளே போனாள்.

கிராணியம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அஞ்சலை அருகே உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் பெண்கள். கிராணியின் பெரிய மகன், புது வேட்டி தடுக்கத் தடுக்க, வந்தவர்களுக்குக் கலர் தண்ணி கொடுத்துக்கொண்டு வந்தான். அஞ்சலைக்கும் ஒரு கிளாஸ் நீட்டினான். எதிரே இருந்த ஒருத்தி, "டேய், அவங்களுக்கு வேற கிளாஸ்ல குடுடா" என்றாள், மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி.

பையன் விளங்காமல் அம்மாவைப் பார்த்தான். கிராணியம்மாவின் விரல்கள் அஞ்சலையின் கையை நெரித்தன. அவள் வாய் திறந்தது. அஞ்சலை அந்தக் கையை ஒரு அழுத்து அழுத்தி, வேண்டாம் என்பதுபோல விட்டாள்.

"எனக்கு வேணாம்பா. தாகமில்ல" என்று பையனிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

பந்தலைத் தாண்டி, ஆபீசைத் தாண்டி, பஸ் நிற்கும் இடம் வரை வெயிலில் நடந்தாள். அங்கே ஏற்கெனவே மூன்று பெண்கள் நிழலில் நின்றிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் இடம் விட்டு நகர்ந்தார்கள். அஞ்சலை அந்த நிழலில் போய் நின்று, ஈப்போ பஸ் வரும் திசையைப் பார்த்தாள். சன்னாசி மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதற்குள் வீட்டுக்குப் போய்விட முடியுமா என்று தெரியவில்லை.